கொன்யாக் ஊரிலிருந்து தென்னமரம் தோட்டம் வரை: செம்பனைக்கு வழி திறந்த ஹென்றி ஃபோகோனியே

சிரம்பானிலிருந்து பகாவுக்குப் போனாலும் சரி, தம்பினிலிருந்து கெமாசுக்குப் போனாலும் சரி, வழியெங்கும் செம்பனை மரங்கள் கண்ணில் படும். நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த இன்றைய இளையோருக்கு, இந்த மரம் காலங்காலமாக இங்கேயே இருந்தது போலத் தோன்றும். அவர்களின் தாத்தா பாட்டிக்குத் தெரிந்ததோ பால்மரம். அதற்கும் முந்திய தலைமுறை சுங்கை ஊஜோங் பகுதியில் காப்பிச் செடிக்குக் களை எடுத்தது.

ரப்பர் இந்த நாட்டுக்கு எப்படி வந்தது என்ற கதை பலருக்கும் தெரியும். செம்பனை எப்படித் தோட்டப் பயிரானது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மலாயாவில் முதன்முதலாக வாணிப நோக்கில் செம்பனை நட்டவர் ஆங்கிலேயத் துரை அல்லர். அவர் ஒரு பிரெஞ்சுக்காரர். திருமண விருந்து மேசைகளில் காணப்படும் ஹென்னசி, மார்ட்டெல் போன்ற மதுவகைகள் எந்த வட்டாரத்திலிருந்து வருகின்றனவோ, அந்த வட்டாரத்தின் பிள்ளை. தோட்டத்துக்கு வந்து தமிழ் கற்றவர். பின்னர் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி, பிரான்சின் புகழ்மிக்க இலக்கியப் பரிசைப் பெற்றவர். அவர் பெயர் ஹென்றி ஃபோகோனியே.

திராட்சை ஊரில் பிறந்தவர்

ஃபோகோனியே 1879ஆம் ஆண்டு பிப்ரவரி 26ஆம் நாள் பிரான்சின் தென்மேற்கில், ஷராந்த் மாவட்டத்திலுள்ள பார்பெசியூ என்ற சிற்றூரில் பிறந்தார். உலகப் புகழ்பெற்ற ஒயின் விளையும் போர்டோ வட்டாரத்துக்கு வடக்கே உள்ள பகுதி அது. அந்தப் பக்கத்து மண்ணில் சுண்ணாம்பு அதிகம். அங்கே விளையும் வெள்ளைத் திராட்சையிலிருந்து கிடைக்கும் ஒயின் புளிப்பானது, சாரம் குறைந்தது. அப்படியே குடிக்க அது அவ்வளவு சுகப்படாது. ஆனால் செம்பு அண்டாவில் அதை இரண்டு முறை காய்ச்சி வடித்து, ஓக் மரப் பீப்பாயில் ஊற்றி ஆண்டுக்கணக்கில் வைத்தால், அதுதான் கொன்யாக் எனும் உயர்ந்த பிராந்தி ஆகிறது.

ஒரு லிட்டர் சாராயம் இறக்க ஏறத்தாழ ஒன்பது லிட்டர் ஒயின் வேண்டும். வடித்தெடுத்த பின் குறைந்தது இரண்டு ஆண்டாவது பீப்பாயில் கிடக்க வேண்டும். நல்ல சரக்கு இருபது, முப்பது ஆண்டுகள்கூடக் கிடக்கும். அவ்வளவு காலமும் ஆண்டுதோறும் ஒரு பகுதி ஆவியாகிக் காற்றில் போய்விடும். அதைத் தேவதைகளின் பங்கு என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்லிக்கொள்வார்கள். பாட்டன் இறக்கிய சாராயத்தைப் பேரன் விற்கும் தொழில் அது.

ஃபோகோனியேயின் தந்தை சார்லஸ் இந்தக் கொன்யாக் தொழிலைச் சேர்ந்தவர். ஊருக்கு வெளியே மியூசே என்ற இடத்தில் குடும்பத்தின் பெரிய வீடு இருந்தது. தம்பி தங்கைகள், இசை, புத்தகம், நண்பர்கள் போடும் நாடகம் என்று கலகலப்பான வீடு. பின்னாளில் ஜாக் ஷார்டோன் என்ற பெயரில் புகழ்பெற்ற எழுத்தாளரான நண்பரும் அதே ஊர்க்காரர்தான்.

ஒரு பூச்சி கவிழ்த்த ஊர்

வெளியே கலகலப்பு இருந்தாலும், அந்த வட்டாரம் அப்போது நொடிந்து கொண்டிருந்தது. ஃபோகோனியே பிறப்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1870களில், ஃபைலக்சரா என்ற நுண்ணிய பூச்சி ஷராந்த் திராட்சைத் தோட்டங்களில் பரவியது. அமெரிக்காவிலிருந்து வந்த இந்தப் பூச்சி கொடியின் வேரைத் தின்னும். மேலே இலை பழுத்துத் தெரியும்போது கீழே வேர் போயிருக்கும். கொன்யாக் வட்டாரத்தில் ஏறத்தாழ 2,80,000 ஹெக்டேரில் இருந்த திராட்சை, 1890களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 40,000 ஹெக்டேராகச் சுருங்கியது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தொழிலை விட்டன. பலர் திராட்சை நிலத்தை மாட்டுக்கான புல்வெளியாக்கிப் பால், வெண்ணெய் வியாபாரத்துக்கு மாறினார்கள்.

கடைசியில் கிடைத்த தீர்வு ஒட்டுக் கட்டுவது. பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேரில் பிரெஞ்சுத் திராட்சையை ஒட்டி நட்டார்கள். இன்று பிரான்சில் உள்ள திராட்சையில் மிகப் பெரும்பகுதி இப்படி ஒட்டுக் கட்டியதுதான். ரப்பர் தோட்டத்தில் கன்றுக்கு ஒட்டுக் கட்டிப் பழகிய கைகளுக்கு இந்த வேலை புதிதல்ல.

சுங்கை ஊஜோங்கிலும் ஏறக்குறைய இதே காலத்தில் இதே போன்ற நிலைதான். 1880களில் ஹில் போன்ற துரைமார்கள் அங்கே காப்பித் தோட்டம் போட்டார்கள். 1891இல் சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்கு இரயில் பாதையும் வந்தது. ஆனால் காப்பி விலை சரிந்தது, நோயும் சேர்ந்தது. தோட்டக்காரர்கள் ரப்பருக்குத் தாவினார்கள். ஒரு பயிர் விழுந்தால் அடுத்ததைத் தேடி முதலாளி போவான். அவன் பின்னால் தொழிலாளியும் போக வேண்டியிருக்கும். இது ஷராந்துக்கும் பொருந்தும், சிரம்பானுக்கும் பொருந்தும்.

வீட்டைக் காப்பாற்றக் கடல் கடந்தவர்

1901இல் தந்தை இறந்தபோது ஹென்றிக்கு வயது 22. மூத்த மகன். குடும்பத்தின் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. மியூசே வீட்டைக் கைவிடாமல் குடும்பத்தைத் தாங்க வேண்டும். இங்கிலாந்துக்குப் போய் ஒரு பள்ளியில் பிரெஞ்சும் இசையும் கற்றுக்கொடுத்தார். அந்தச் சம்பளத்தில் குடும்பத்தை நிமிர்த்த முடியாது என்று அவருக்குத் தெரிந்தது. போர்னியோவில் சவ்வரிசி பயிரிட்டால் நல்ல பணம் பார்க்கலாம் என்ற செய்தி அப்போது அவர் கண்ணில் பட்டது.

1905 மார்ச் 10ஆம் நாள் மார்செய் துறைமுகத்தில் கப்பல் ஏறினார். சிங்கப்பூரில் இறங்கியதும் நிலைமை புரிந்தது. காலம் சவ்வரிசிக்கு அல்ல, ரப்பருக்கு. போர்னியோவுக்குப் போகும் எண்ணத்தைக் கைவிட்டு மலாயாவுக்குத் திரும்பினார். கிள்ளானுக்கு அருகில் ஒரு துரையின் தோட்டத்தில், தங்கவும் சாப்பிடவும் தாமே பணம் கொடுத்துத் தொழில் பழகினார்.

அந்தச் சில மாதங்களில் அவர் இரண்டு மொழிகளைக் கற்றுக்கொண்டார். ஒன்று மலாய், மற்றொன்று தமிழ். அந்தக் காலத்தில் தோட்டத் துரைக்குத் தமிழ் தெரிந்திருப்பது பெரும் உதவி. காலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுப்பது முதல், லயத்துச் சண்டையைத் தீர்ப்பது வரை எல்லாம் தமிழில்தான் நடக்கும். துரைக்குத் தமிழ் தெரியாவிட்டால் கங்காணியும் கிராணியும் சொல்வதுதான் அவருக்கு உண்மை. பல துரைமார்கள் அதட்டவும் வேலை ஏவவும் மட்டும் தேவையான தமிழோடு நிறுத்திக்கொண்டார்கள். ஃபோகோனியேக்கு மொழியின் மீதே ஆசை இருந்தது. அந்த ஆசைதான் பின்னாளில் அவரை எழுத்தாளராக்கியது.

ரந்தாவ் பாஞ்சாங்

சிலாங்கூர் ஆற்றின் மேல்பகுதியில் நிலம் பார்த்தார். 1906இன் தொடக்கத்தில் ரந்தாவ் பாஞ்சாங் என்ற இடத்தில் குடியேறினார். உறவினரிடமும் நண்பர்களிடமும் வாங்கிய பணம்தான் முதல். அங்கே கட்டிய வீட்டுக்குப் பனைகளின் வீடு என்று பெயர் வைத்தார். பார்பெசியூ நண்பர்கள் சிலரும் பின்னர் வந்து சேர்ந்தார்கள். ஆங்கிலேயத் துரைமார்கள் நிறைந்த சிலாங்கூரில் பிரெஞ்சு பேசும் ஒரு சிறு கூட்டம் உருவானது.

ரப்பர் மரம் பால் கொடுக்க ஆறேழு ஆண்டுகள் ஆகும். அதுவரை செலவுதான். அந்தக் காலத் தோட்டங்களில் பெருங்காட்டை வெட்டிச் சாய்ப்பதில் மலாய்க்காரர்களும் ஜாவானியர்களும் சீனர்களும் மிகுதியாக ஈடுபட்டார்கள். நடவு, களையெடுப்பு, பால்வெட்டு, மருந்தடிப்பு, சாலை போடுவது என அன்றாட வேலையின் பெரும்பகுதி தமிழர்கள் தோளில் இருந்தது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறி, பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்கி வந்தவர்கள் அவர்கள். 1910இல் ஒப்பந்தக் கூலி முறை நிறுத்தப்பட்டது. அதன் பிறகு கங்காணி ஊருக்குப் போய் ஆள் திரட்டி வரும் முறையே ஓங்கியது. மலேரியா பலரைக் கொண்டு போனது.

ஃபோகோனியேக்குக் காலம் கை கொடுத்தது. மோட்டார் வண்டிகள் பெருகியதால் 1910இல் ரப்பர் விலை என்றும் இல்லாத உச்சத்தைத் தொட்டது. பெல்ஜிய முதலீட்டாளர் அத்ரியான் ஹாலேயின் ஆதரவோடு பிரசெல்சில் நிறுவனம் பதிவாகியிருந்தது. கடன் வாங்கி வந்த இளைஞர் சில ஆண்டுகளில் பெருஞ்செல்வர் ஆனார். மியூசே வீடு தப்பியது. கொன்யாக் ஊரில் ஒரு பூச்சியால் ஆட்டம் கண்ட குடும்பத்தைச் சிலாங்கூர் ரப்பர்தான் தூக்கி நிறுத்தியது. அந்த ரப்பருக்குப் பின்னால் இருந்தது தமிழ்த் தொழிலாளியின் விடியற்காலை உழைப்பு.

தென்னமரத்தில் செம்பனை

செம்பனையின் சொந்த ஊர் மேற்கு ஆப்பிரிக்கா. 1848இல் நான்கு கன்றுகள் ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்துக்கு வந்தன. அவற்றின் வழி வந்த மரங்கள் சுமத்திராவின் டெலி பகுதியில் அழகுக்காகச் சாலையோரம் நடப்பட்டன. அந்த அழகு மரத்தில் பணம் இருக்கிறது என்று கண்டுகொண்டவர்களில் ஹாலே முக்கியமானவர். சுமத்திராவில் அவர் தோட்ட அளவில் செம்பனை வளர்த்தார்.

அங்கிருந்து 1911 வாக்கில் ஃபோகோனியே விதைகளைப் பெற்றார். முதலில் அழகுக்காகவே தம் தோட்டத்தில் நட்டார். பிறகு 1917இல், கோலசிலாங்கூர் வட்டாரத்தில் இன்றைய பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில், வாணிப நோக்கில் செம்பனை நடப்பட்டது. மலாயாவின் முதல் செம்பனைத் தோட்டம் என்று வரலாற்று நூல்கள் குறிப்பிடுவது இதைத்தான். அந்தத் தோட்டத்தின் பெயரே தமிழ். மலேசியச் செம்பனையின் முதல் முகவரி தென்னை மரத்தின் பெயரில் இருக்கிறது. ஃபோகோனியே, ஹாலே ஆகியோரின் தோட்டங்கள் பின்னாளில் சொக்ஃபின் என்ற பெயரில் அறியப்பட்டன.

செம்பனைக்கும் கொன்யாக்குக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. கொன்யாக் காத்திருக்கக் காத்திருக்க விலை கூடும். செம்பனைப் பழம் காத்திருக்காது. குலையை வெட்டிய ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போய் வேகவைக்க வேண்டும். தாமதமானால் எண்ணெயில் புளிப்பு ஏறித் தரம் கெடும். அதனால்தான் தோட்டத்துக்குள்ளேயே ஆலை, தண்டவாளம், லோரி என்று எல்லாமே அவசரம். அந்த அவசரம் தொழிலாளியின் நாளையும் விரட்டியது.

போரும் திருமணமும்

1914 ஆகஸ்டில் முதலாம் உலகப் போர் வெடித்தது. ஃபோகோனியேக்கு அப்போது 35 வயது. செல்வந்தர், பல தோட்டங்களுக்குப் பொறுப்பாளர். இருந்தும் மலாயாவில் இருந்த பிரெஞ்சு நண்பர்களோடு நாடு திரும்பிச் சாதாரணப் படைவீரராகப் போர்க்களம் போனார். பதுங்குகுழிகளில் சேற்றோடும் குளிரோடும் ஆண்டுகள் கழிந்தன. அங்கிருந்து மதலேன் மெஸ்லியே என்ற பெண்ணுக்கு எழுதிய கடிதங்கள் பல ஆண்டுகளுக்குப் பின் நூலாக வெளிவந்தன. 1917இல் விடுப்பில் வந்தபோது அவரையே மணந்துகொண்டார்.

போர் முடிந்தபின் குடும்பத்தோடு மலாயாவுக்குத் திரும்பினார். ஆனால் பழைய வேகம் இல்லை. தோட்டம் பெரிய கம்பெனியாகிவிட்டது. காட்டில் ஆற்றோரம் தனியாகத் தொடங்கிய வாழ்க்கை, கணக்குப் புத்தகமும் பங்குதாரர் கூட்டமுமாக மாறிவிட்டது. 1925இல் குடும்பத்தோடு வட ஆப்பிரிக்காவின் துனிசியாவுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே உட்கார்ந்துதான் மலாயாவைப் பற்றி எழுதினார்.

நாவலும் பழனியாயியும்

மலேசி என்ற அந்தப் பிரெஞ்சு நாவலை நண்பர் ஷார்டோன் பங்குதாரராக இருந்த பதிப்பகம் 1930இல் வெளியிட்டது. அதே ஆண்டு அதற்குக் கோன்கூர் பரிசு கிடைத்தது. மறு ஆண்டே ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. 1933இல் அவருடைய தங்கை ஜெனவியேவ் தம் நாவலுக்கு ஃபெமினா பரிசு பெற்றார். அண்ணனும் தங்கையும் பிரான்சின் இரு பெரிய பரிசுகளைப் பெற்ற குடும்பம் அது.

நாவலில் லெஸ்கால், ரோலேன் என்ற இரு பிரெஞ்சுத் தோட்டக்காரர்கள் வருகிறார்கள். மலாய்ப் பந்துன் பாடல்கள் மீது ஆசிரியருக்கு இருந்த காதல் நூல் முழுவதும் தெரிகிறது. மலாய்க்காரரின் பண்பும், காடும், மழையும் அதில் ஆழமாகப் பதிவாகியுள்ளன. தமிழ்த் தொழிலாளர்களும் வருகிறார்கள். அவர்களை வெறும் கூலித் தலைகளாக எண்ணாமல், சிரிப்பும் கோபமும் நம்பிக்கையும் உள்ள மனிதர்களாக அவர் பார்த்தார். அன்றைய துரைமார் எழுத்தில் இது அரிது.

ஆனாலும் அது துரையின் கண்தான். பழனியாயி என்ற தமிழ்ப் பெண் நாவலில் லெஸ்காலின் துணையாக வருகிறாள். கதையில் அது இனிமையான உறவாகக் காட்டப்படுகிறது. தோட்டத்தின் நடப்பு வேறு. அங்கே வேலை, வீடு, அரிசி எல்லாம் துரையின் கையில். பங்களாவுக்குக் கூப்பிட்டால் மறுக்கும் வலிமை ஒரு தொழிலாளிப் பெண்ணுக்கு எவ்வளவு இருந்திருக்கும் என்பதைத் தோட்டத்துப் பாட்டிமார்களிடம் கதை கேட்டவர்கள் அறிவார்கள். பழனியாயி பேசியிருந்தால் அந்த நாவல் வேறு மாதிரி இருந்திருக்கும்.

இன்னொரு பொருத்தத்தையும் மறக்க முடியாது. ஃபோகோனியே பாரிசில் பரிசு பெற்ற 1930ஆம் ஆண்டு, உலகப் பொருளாதார வீழ்ச்சியால் ரப்பர் விலை பாதாளத்துக்குப் போன காலம். 1920களின் இறுதியில் சிலாங்கூரின் பல தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று இருந்த கூலி வெட்டப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் வேலை இழந்து கப்பலேற்றித் தமிழகத்துக்கு அனுப்பப்பட்டார்கள். நெகிரி செம்பிலான் தோட்டங்களிலும் லயங்கள் காலியாயின. மலாயாவைப் பற்றிய நூலைப் பிரான்சு கொண்டாடிய வேளையில், மலாயாவை உருவாக்கிய கைகள் துணி மூட்டையோடு துறைமுகத்தில் நின்றன.

கள்ளுக்கடையும் கொன்யாக் பீப்பாயும்

ஃபோகோனியே பிறந்த ஊரில் மது என்பது குடும்பத்தின் பெருமை. எந்த ஊர்த் திராட்சை, எத்தனை ஆண்டு கிடந்தது என்பதெல்லாம் கணக்கு. 1909இல் பிரெஞ்சு அரசாங்கம் கொன்யாக் வட்டாரத்தின் எல்லையையே சட்டத்தால் வரைந்தது. அந்த எல்லைக்குள் விளைந்ததற்கு மட்டுமே அந்தப் பெயர். ஊரின் பெயர் பாட்டிலில் ஒட்டியிருப்பதால் அந்த ஊர் விவசாயிக்குப் பேரம் பேசும் பலம் உண்டு.

அதே காலத்து மலாயாத் தோட்டத்தில் தமிழனுக்கு இருந்தது கள்ளுக்கடை. தென்னையிலிருந்து இறக்கிய கள் அன்றே குடிக்க வேண்டிய பொருள். மறுநாள் புளித்துவிடும். அரசாங்கம் உரிமம் கொடுத்தது, பல தோட்டங்களில் நிர்வாகமே கடை நடத்தியது. தோட்ட எல்லைக்குள் கடை, சம்பள நாளில் கூட்டம், இரவில் லயத்தில் சண்டை, மறுநாள் பெரட்டில் மீண்டும் அதே ஆள். கூலியின் ஒரு பங்கு வந்த வழியே திரும்பிப் போனது. கள்ளுக்கடை மூடியிருந்தால் கள்ளச் சம்சு வந்தது. அது உயிரையே குடித்தது.

இதை எதிர்த்துத் தோட்டத் தமிழர்கள் எழுந்தார்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த பெரிய வேலை நிறுத்தத்தில், கூலி உயர்வோடு கள்ளுக்கடையை மூடு என்பதும் ஒரு கோரிக்கை. துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க மாட்டோம் என்பது மற்றொன்று. அரசாங்கம் படையை இறக்கியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். ஃபோகோனியே ஒரு காலத்தில் தமிழ் பழகிய அதே கிள்ளான் வட்டாரம்தான் அது.

சப்பானியர் காலத்தின் துயரமும் சயாம் மரண இரயில் பாதையும் கடந்த பிறகு, 1946இல் நெகிரி செம்பிலானில் இந்தியத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டியெழுப்புவதில் முன்நின்றவர் பி.பி. நாராயணன். மாநிலச் சங்கங்கள் ஒன்றிணைந்து 1954இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் பிறந்தது. துரையின் நல்ல மனத்தை நம்பியிருந்த காலம் போய், சங்கமாக நின்று கேட்கும் காலம் வந்தது.

நெகிரி செம்பிலானுக்கு வந்த மாற்றம்

1960களில் ரப்பர் விலை தளர்ந்தது. செயற்கை ரப்பர் போட்டியாக வந்தது. அரசாங்கமும் கம்பெனிகளும் செம்பனைக்கு மாறின. ஜெம்போல் பக்கம் பெல்டா திட்டங்கள் வந்தன. நெகிரி செம்பிலானின் பழைய ரப்பர்த் தோட்டங்கள் ஒவ்வொன்றாகப் பால்மரத்தைச் சாய்த்துச் செம்பனைக் கன்று நட்டன.

பால்மரத்தில் கணவன், மனைவி இருவரும் நெற பிடித்து வெட்டலாம். செம்பனையில் குலை வெட்டுவது பெரும்பாலும் ஆண் வேலை. நீண்ட கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி, தலைக்கு மேலே உள்ள குலையை இழுத்து வெட்ட வேண்டும். பெண்களுக்கு உதிரிப் பழம் பொறுக்குவது, உரம் போடுவது, பூச்சி மருந்து அடிப்பது என்று வேலை மாறியது. பூவுக்குப் பூ மகரந்தத் தூள் ஊதும் வேலையும் இருந்தது. 1981இல் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த ஒரு சிறு வண்டு அந்த வேலையைத் தானே செய்யத் தொடங்கியதும் அதுவும் நின்றது. பூச்சி ஒன்று ஷராந்தில் தொழிலை அழித்தது. இங்கே வண்டு ஒன்று தொழிலுக்கு இலாபம் கூட்டியது, பெண்களின் கைவேலையை எடுத்துக்கொண்டது.

ஒரு ஏக்கருக்குத் தேவைப்படும் ஆள் எண்ணிக்கையும் செம்பனையில் குறைவு. லயங்கள் மெல்ல வெறுமையாயின. கோயில், பால்வாடி, தமிழ்ப்பள்ளி என்று தோட்டம் கொடுத்த ஊர் வாழ்க்கை கலைந்தது. சிரம்பான், நீலாய் வட்டாரங்களில் தோட்டம் இருந்த இடத்தில் வீடமைப்பும் தொழிற்சாலையும் எழுந்தன. தென்னமரத்தில் முளைத்தது நாட்டுக்குச் செல்வம் கொடுத்தது. அந்தச் செல்வத்தில் தோட்டத் தமிழரின் பங்கு என்ன என்ற கேள்வி இன்னும் தீரவில்லை.

எஞ்சி நிற்பவை

ஃபோகோனியே 1938இல் மேலும் ஒரு கதை நூல் வெளியிட்டார். அதன் பிறகு பெரிதாக எழுதவில்லை. புகழைத் தேடி ஓடியவரல்லர். 1973 ஏப்ரல் 14ஆம் நாள், 94ஆம் வயதில் பாரிசில் காலமானார். அப்போது மலேசியா உலகின் முன்னணிச் செம்பனை எண்ணெய் நாடாக உயர்ந்திருந்தது.

அவர் கொடுமைக்காரத் துரை என்று சொல்ல இடமில்லை. மொழி கற்றார், மனிதரைக் கவனித்தார், போர் வந்தபோது பங்களாவில் ஒளிந்து கொள்ளவில்லை. ஆனால் நல்ல துரையாக இருந்தாலும், அந்த அமைப்பில் இலாபம் ஒரு பக்கமும் உழைப்பு மறுபக்கமும்தான் நின்றன. குடும்பத்தைக் காப்பாற்றக் கடல் கடந்தவர் அவர் மட்டுமல்ல. நாகப்பட்டினத்தில் கப்பலேறிய ஒவ்வொருவரும் ஊரிலிருந்த ஒரு வீட்டைக் காப்பாற்றவே வந்தார்கள். அவருடைய வீடு மீண்டது. அவர்களில் பலருக்கு ஊரிலிருந்த வீடும் மீளவில்லை, இங்கே சொந்தமாக ஒரு வீடும் அமையவில்லை.

கொன்யாக் ஊரில் பீப்பாயின் மேல் ஆண்டும் ஊரும் எழுதி வைக்கிறார்கள். அரை நூற்றாண்டு கழித்தும் எது எங்கே விளைந்தது என்று சொல்ல முடிகிறது. மலேசியச் செம்பனையின் வரலாற்றில் ஃபோகோனியேயின் பெயரும் ஹாலேயின் பெயரும் பதிந்திருக்கின்றன. தென்னமரத்தில் கன்றுக்குக் களையெடுத்த ஆணும் பெண்ணும் அந்த வரலாற்றில் பெயரோடு வரவில்லை.

நெகிரி செம்பிலானில் மாற்றத்தைக் கண்ணால் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பால்மரம் சாய்ந்த நாளும், முதல் செம்பனைக் குலையை ஆலைக்கு ஏற்றிய நாளும் அவர்கள் நினைவில் உள்ளன. எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எந்த ஆண்டு, கங்காணி யார், உடன் வேலை செய்தவர்கள் யார் யார் என்று கேட்டால் சொல்வார்கள். பேரப்பிள்ளைகள் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும். தேவதைகளின் பங்காகக் காற்றில் கரைவதற்கு முன் அந்தப் பெயர்களை எழுதி வைத்துவிடலாம்.